கணக்கு எங்கே தங்கும்?

(செயலி எழுதும் இளைஞர்களுக்கும், செயலியை நம்பித் தொழில் நடத்துகிறவர்களுக்கும் புதுச்சத்திரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செயலி எழுதக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளைச் சந்திக்கும்போதெல்லாம் முதலில் வந்து விழும் கேள்வி ஒன்றுதான்: "சார், ஃப்ளட்டர் படிக்கட்டுமா, ரியாக்ட் நேட்டிவ் படிக்கட்டுமா?" பண்ணைக்காரர்களும் லாரி உரிமையாளர்களும் கேட்பது வேறு. "ஏனுங்க, செல்லு தொலைஞ்சு போனா கணக்கும் போயிருங்களா? எங்க விலைய வெளியாளு யாராச்சும் பாத்துருவாங்களா?" என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது கேள்விதான் முதலில் கேட்கப்பட வேண்டியது. கணக்கு எங்கே தங்குகிறது, அதை யாரெல்லாம் பார்க்க முடியும் என்பதை முடிவு செய்துவிட்டால், செயலி எழுத உதவும் இந்த ஃப்ரேம்வொர்க்குகளில் ஒன்றைத் தேர்வது ஒரு மாலை வேலை. அதை முடிவு செய்யாமல் தொடங்கினால் எந்த ஃப்ரேம்வொர்க்கும் காப்பாற்றாது. அதனால் இன்றைய பேச்சில் ஃப்ரேம்வொர்க் கடைசியில்தான் வரும். தம்பிமார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம்மைச் சுற்றி இருக்கும் தொழில்களை வைத்தே பேசுகிறேன். ஒரு பக்கம் முட்டைக்கோழிப் பண்ணைகள். இன்னொரு பக்கம் ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில் நம் ஊரைத் தொட்டுக்கொண்டு போகும் அந்தச் சாலையில் ஓடும் லாரிகள். இந்த இரண்டு தொழிலுக்கும் ஒழுங்காகச் செயலி எழுதத் தெரிந்தவருக்கு வேறு எந்த வேலையும் பெரிதில்லை. சிக்னல் இல்லாத இடம், பல பேர் கைக்கு மாறும் போன், நாளுக்கு நாள் மாறும் விலை, பல மொழி பேசும் ஆட்கள் என்று எல்லாச் சிக்கலும் இங்கேயே இருக்கின்றன.

முட்டை விலையை எடுத்துக்கொள்வோம். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவான என்.இ.சி.சி. நாமக்கல் மண்டலத்துக்கு விலை அறிவிக்கிறது. இன்று 5 ரூபாய் 45 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலி எழுதுகிறவர் அதை 5.45 என்று தசம எண்ணாக எழுதி வைக்கிறார். இங்கேதான் முதல் தப்பு. கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்கிறது, 5.45 அந்த முறையில் துல்லியமாக அடங்காது. பெரும்பாலான மொழிகளில் 0.1, 0.2 இரண்டையும் சாதாரணத் தசம எண்ணாகக் கூட்டிப் பாருங்கள், 0.3 வராது, 0.30000000000000004 என்று வரும். பிசகு தூசி அளவுதான். ஆனால் திரையில் ஒரு இடத்தில் முழுமையாக்கி, பில்லில் இன்னொரு இடத்தில் முழுமையாக்கினால் இரண்டு தொகையும் ஒத்துப்போகாது. லட்சம் முட்டை ஏற்றும் இடத்தில் முட்டைக்கு ஒரு காசு என்பது ஆயிரம் ரூபாய். இதற்கு மருந்து எளிது. பணத்தைக் காசாக, முழு எண்ணாகச் சேமியுங்கள்: 545. நாமக்கல் வியாபாரிகள் "அஞ்சு காசு ஏறியிருக்கு" என்றுதானே பேசுகிறார்கள்? அவர்கள் பேசுகிற அலகிலேயே தரவுத்தளத்தையும் வையுங்கள். திரையில் காட்டும்போது மட்டும் ரூபாயாக்கினால் போதும்.

அடுத்தது 'மைனஸ்'. அறிவித்த விலைக்கும் பண்ணை வாசலில் கைமாறும் விலைக்கும் இடையில் கழிவு ஒன்று இருப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அறிவிப்பு 545, மைனஸ் 40 என்றால் கைக்கு வருவது 505. வெளியூரில் உட்கார்ந்து செயலி எழுதுகிறவருக்கு இது தெரியாது. 'விலை' என்று ஒரே ஒரு கட்டம் வைத்துவிடுவார். மூன்று மாதம் கழித்து எந்த வியாபாரியிடம் எவ்வளவு மைனஸில் கொடுத்தோம் என்று பார்க்க நினைத்தால் வழியே இருக்காது. இதைவிட மோசமானது, விலைப்பட்டியலைத் தனியாக வைத்துப் பழைய பில்லைத் திறக்கும்போதெல்லாம் அதிலிருந்து விலையை எடுத்துப் பெருக்குவது. அப்படிச் செய்தால் பட்டியலில் இன்றைய விலையைத் திருத்தியதும் போன மாதத்து பில் தொகையும் சேர்ந்து மாறிவிடும். அன்றைய அறிவிப்பு விலை, அன்றைய மைனஸ், அன்று பேசிய விலை மூன்றும் அந்த பில்லின் வரியிலேயே எழுதப்பட வேண்டும். தரவுச் சேமிப்பு என்றால் மெமரி, கிளவுட் என்று தொழில்நுட்பத்தை நினைக்கிறோம். அதில் பாதிக்கு மேல் தொழிலைப் புரிந்துகொள்வதுதான்.

சரி, இதையெல்லாம் எங்கே எழுதுவது? உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனுக்குள் ஏற்கெனவே ஒரு தரவுத்தளம் இருக்கிறது. அதன் பெயர் எஸ்.க்யூ.லைட். 2000ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஹிப் என்பவர் எழுதியது. அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பலுக்கான மென்பொருள் ஒன்றில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். அந்த மென்பொருள் சார்ந்திருந்த தரவுத்தள சர்வர் நின்றுபோனால் மென்பொருளும் நின்றுவிடும். சர்வரே இல்லாமல் வெறும் ஒரு கோப்பில் இயங்கும் தரவுத்தளம் இருந்தால் என்ன என்று அவர் யோசித்ததில் பிறந்தது அது. எந்த உரிமத் தொகையும் கேட்காமல் உலகத்துக்குப் பொதுவில் விட்டுவிட்டார். இன்று ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் அது இருக்கிறது.

அதன் அருமை ஒரு விஷயத்தில் தெரியும். மேற்பார்வையாளர் மாலையில் ஒரு ஷெட்டின் கணக்கைப் பதிகிறார்: முட்டை எத்தனை அட்டை, தீவனம் எத்தனை மூட்டை, மார்ட்டாலிட்டி, அதாவது இறந்த கோழி, எத்தனை. மூன்றாவதை எழுதும் நொடியில் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிடுகிறது. மூன்றையும் ஒரே பரிவர்த்தனையாக எழுதச் சொல்லியிருந்தால், எஸ்.க்யூ.லைட் ஒன்று மூன்றையும் எழுதியிருக்கும், அல்லது ஒன்றையுமே எழுதியிருக்காது. அரைகுறையாக நிற்காது. தானாகவே ஒரு கோப்பைத் திறந்து எழுதும் செயலிகளில் இந்த உறுதி கிடையாது. ஆண்ட்ராய்டில் ரூம் என்ற நூலகமும் ஐஃபோனில் கோர் டேட்டாவும் எஸ்.க்யூ.லைட்டை வைத்து வேலை செய்பவைதான். அவற்றில் எதை எடுத்தாலும் சரி. மொழித் தேர்வு, திரை வெளிச்சம் போன்ற சின்ன விருப்பங்களைத் தனிச் சிறு கோப்பில் வைக்கலாம். கணக்கை அதில் வைக்காதீர்கள்.

சிக்னல் விஷயத்துக்கு வருகிறேன். கொல்லிமலைக்கு லோடு ஏற்றிப் போனவர்களுக்குத் தெரியும், கொண்டை ஊசி வளைவு ஏறும்போது சிக்னல் எப்படி வந்து வந்து போகும் என்று. நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் பண்ணையிலும் தகரக் கூரைக்குக் கீழே அதே கதைதான். ஆகவே கணக்கு முதலில் போனில் எழுதப்பட வேண்டும். சிக்னல் கிடைக்கும்போது சர்வருக்குப் போக வேண்டும். 'நெட் இல்லை, பிறகு முயலவும்' என்று சொல்லும் செயலியை இங்கே யாரும் ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மேற்பார்வையாளர் 240 அட்டை என்று பதிகிறார். போன் அனுப்புகிறது, சர்வர் வாங்கிக்கொள்கிறது. 'வாங்கிக்கொண்டேன்' என்ற பதில் திரும்பி வருவதற்குள் சிக்னல் போய்விடுகிறது. போன் என்ன நினைக்கும்? போய்ச் சேரவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். சர்வரில் 480 அட்டை. ஷெட்டில் இருக்கும் கோழிகளைவிட முட்டை அதிகம் என்று மறுநாள் காலையில் சண்டை. இதைத் தடுக்க ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே, பதியும் நொடியிலேயே, உலகில் வேறெங்கும் வராத ஓர் அடையாள எண் கொடுக்க வேண்டும். அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் அமைதியாக ஒதுக்கிவிடும். ஆர்.டி.ஜி.எஸ்., யு.பி.ஐ. எதுவானாலும் பணம் இரண்டு முறை போகாமல் இருக்க ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண் இருப்பது இதனால்தான்.

திருத்தத்துக்கும் ஒரு முறை வேண்டும். பண்ணையில் மேற்பார்வையாளர் 240 என்பதை 204 என்று மாற்றுகிறார். அதே நேரத்தில் வீட்டில் முதலாளியின் மகன் 242 என்று மாற்றுகிறார். கடைசியில் வந்தது வெல்லட்டும் என்று விட்டால், போனின் கடிகாரம் தப்பாக ஓடும் ஆள்தான் ஜெயிப்பார். நம் பாட்டன்மார் பேரேட்டில் எழுதியதை அழிப்பதில்லை; தப்பாக வரவு வைத்தால் அதற்கு எதிரே ஒரு பற்று எழுதி நேர் செய்வார்கள். செயலியும் அப்படியே நடக்கட்டும். பழைய வரி இருக்கட்டும். யார், எந்த போனிலிருந்து, எப்போது திருத்தினார் என்பதோடு புதிய வரி சேரட்டும். போன் சொல்லும் நேரத்தையும் சர்வர் வாங்கிய நேரத்தையும் இரண்டையும் எழுதி வையுங்கள். பிரச்சினை வரும் நாளில் இந்த ஒரு ஏற்பாடு பாவப்பட்ட மேற்பார்வையாளரின் வேலையைக் காப்பாற்றும்.

தமிழில் சேமிப்பதைப் பற்றி நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. 'நாமக்கல்' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யுனிகோடு கணக்கில் அது எட்டு: ந, துணைக்கால், ம, க, புள்ளி, க, ல, புள்ளி. 'புதுச்சத்திரம்' என்ற நம் ஊர்ப் பெயரில் எட்டு எழுத்து; யுனிகோடில் 14 குறி; யு.டி.எஃப்.-8 கோப்பில் 42 பைட். பெயருக்கு 20 பைட் போதும் என்று யாராவது கட்டம் போட்டிருந்தால் 'புதுச்சத்திரம்' பாதியில் அறுந்துவிடும். நீளமான பெயரை எழுத்தெண்ணிக்கை பார்த்து வெட்டும் நிரல், ஏழாவது குறியில் வெட்டினால் 'நாமக்கல்' என்பது 'நாமக்கல' என்று நிற்கும். இதைவிட நுட்பமான சங்கடம் ஒன்று உண்டு. 'கொ' என்பதில் இருக்கும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒருவர் ஒரு விசைப்பலகையில் 'கொல்லிமலை' என்று பதிந்து, இன்னொருவர் வேறொன்றில் தட்டித் தேடினால் கிடைக்காமல் போகலாம். கண்ணெதிரே பெயர் இருக்கிறது, செயலி 'இல்லை' என்கிறது. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் எழுத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வழி யுனிகோடிலேயே இருக்கிறது, என்.எஃப்.சி. என்று பெயர். பெரும்பாலான மொழிகளில் அதற்கு ஒரு வரிக் கட்டளை உண்டு. அந்த ஒரு வரியைப் போடுங்கள்.

இனி பண்ணைக்காரர்கள் கேட்ட அந்தக் கேள்வி: செல் தொலைந்தால் கணக்கு போகுமா? போனில் மட்டும் இருந்தால் போகும். தொலையக்கூட வேண்டாம், செயலியை நீக்கினாலே அதன் உள்சேமிப்பு முழுதும் அழிந்துவிடும். 'மெமரி ஃபுல்' என்று கடையில் கொடுத்தால் 'கிளியர் டேட்டா' அழுத்திவிடுவார்கள். ஆண்ட்ராய்டு 6 முதல் தானாக நடக்கும் பேக்கப் ஒன்று உண்டு; ஒரு செயலிக்கு 25 எம்.பி. வரைதான். அதை நம்பிக் கணக்கை விட முடியாது. சர்வரில் ஒரு படியும், மாதம் ஒரு முறை முதலாளியின் கைக்கே எக்செல்லில் திறக்கக்கூடிய ஒரு கோப்பும் போக வேண்டும். செயலி எழுதியவர் நாளை வேறு வேலைக்குப் போய்விடலாம். கணக்கு முதலாளியுடையது. அவர் கேட்டால் உடனே எடுத்துக்கொடுக்க முடியாத செயலியை நான் நல்ல செயலி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

போனில் இருப்பதைப் பூட்டி வைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். கடவுச்சொல்லையும் உள்நுழைவுச் சாவியையும் கட்டாயம். அதற்கு ஆண்ட்ராய்டில் கீஸ்டோரும் ஐஃபோனில் கீசெயினும் இருக்கின்றன. கீஸ்டோரில் உருவாகும் சாவி அந்த போனை விட்டு வெளியே வராது. அதுதான் அதன் பலம். ஆனால் அந்தச் சாவியால் பூட்டிய கோப்பை பேக்கப் எடுத்துப் புதுப் போனில் இறக்கினால் திறக்காது, ஏனென்றால் சாவி பழைய போனிலேயே தங்கிவிட்டது. பூட்டுவதற்கு முன்னால் போன் மாறும் நாளை யோசித்துவிட வேண்டும்.

இப்போது சர்வர் பக்கம். பெரிய பெரிய கசிவுகள் பலவற்றில் யாரும் மந்திரம் போட்டு உடைத்ததில்லை. கதவே திறந்து கிடந்திருக்கிறது. 2025 ஜூலையில் அமெரிக்காவில் 'டீ' என்ற செயலி. பெண்கள் மட்டும் பயன்படுத்த வேண்டியது என்பதால் சேருகிறவர்களிடம் முகப் படமும் அடையாள அட்டையும் கேட்டது. சரிபார்த்ததும் அழித்துவிடுவோம் என்றார்கள். சுமார் 72,000 படங்கள் வெளியே போயின. அவற்றில் 13,000 அளவுக்கு அந்த முகப் படங்களும் அடையாள அட்டைகளும். பாதுகாப்பு வேண்டும் என்று நம்பி வந்த பெண்களின் முகமும் முகவரியும் தெருவுக்கு வந்துவிட்டன. படிக்கும்போதே மனம் பதறியது. இருக்கவே கூடாத தரவு, பூட்டாத பழைய சேமிப்பில் கிடந்ததுதான் காரணம்.

கல்லூரிப் பிள்ளைகள் பலர் ஃபயர்பேஸ் பயன்படுத்துகிறீர்கள். நல்ல கருவி. அதில் புதிதாகத் தரவுத்தளம் திறக்கும்போது 'டெஸ்ட் மோடு' என்று ஒன்றைக் காட்டும். 30 நாளைக்கு யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்று அதற்குப் பொருள். 31ஆம் நாள் செயலி நின்றதும் விதிகளை எழுதாமல் தேதியை மட்டும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பண்ணைக்காரரின் விலை, வியாபாரியின் பாக்கி, தொழிலாளியின் ஆதார் எண் எல்லாம் ஊருக்கே திறந்து கிடக்கும்.

இன்னொரு கதவு இதைவிடச் சாதாரணமானது. செயலி சர்வரிடம் '1041ஆம் பில்லைக் கொடு' என்று கேட்கிறது. வந்துவிடுகிறது. யாரோ ஒருவர் விளையாட்டாக 1042 என்று மாற்றிக் கேட்கிறார். பக்கத்துப் பண்ணையின் பில் வருகிறது. கேட்கிறவர் உள்ளே நுழைந்தவரா என்று சர்வர் பார்த்தது. இந்த பில் அவருடையதா என்று பார்க்கவில்லை. திரையில் பொத்தானை மறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஏ.பி.கே. என்ற ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பு ஒரு ஜிப் கோப்புதான். யார் வேண்டுமானாலும் அதைப் பிரித்து உள்ளே இருப்பதைப் படிக்கலாம். உள்ளே எழுதி வைத்த கடவுச்சொல்லும் ரகசியச் சாவியும் எழுதிய அன்றே ஊரறிந்த ரகசியம். ஃப்ளட்டரில் எழுதினாலும் கோட்லின் மொழியில் எழுதினாலும் இது மாறாது. ஒவ்வொரு கேள்விக்கும் 'இவருக்கு இதைப் பார்க்க உரிமை உண்டா' என்ற சோதனை சர்வரில்தான் நடக்க வேண்டும்.

லாரிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். போக்குவரத்து விதியை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டுங்கள் என்று உங்கள் வண்டி எண்ணைப் போட்டே வாட்ஸ்அப்பில் செய்தி வரும். கூடவே அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகன் பெயரில் ஒரு ஏ.பி.கே. கோப்பு. 2024இல் பெங்களூரின் கிளவுட்செக் நிறுவனம் இப்படி ஒரு கும்பலைப் பற்றி வெளியிட்டது. அது வியட்நாமிலிருந்து இயங்கியது. கோப்பை நிறுவினால் அது முதலில் கேட்பது குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி. கொடுத்துவிட்டால் உங்கள் ஓ.டி.பி. உங்களுக்கு முன்னால் அவர்களுக்குப் போகும். வடக்கே ராஜஸ்தானில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு உண்மையிலேயே எங்காவது அபராதம் விழுந்திருக்குமோ என்ற பயத்தில் கை அதைத் தொட்டுவிடும். அந்தப் பயத்தைத்தான் அவர்கள் பயன்படுத்துகிறார்கள். அரசு எந்த அபராதத்துக்கும் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. அனுப்பாது. சந்தேகம் இருந்தால் இ-சலான் தளத்தில் நீங்களே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். செயலி எழுதும் தம்பிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. உங்கள் சொந்தச் செயலியை வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே.யாக அனுப்பி 'அந்த எச்சரிக்கையெல்லாம் பாக்காதீங்கண்ணா, ஓகே குடுங்க' என்று பழக்கினால், அடுத்த முறை திருடன் அனுப்புவதற்கும் அவர் ஓகே கொடுப்பார். பிளே ஸ்டோரில் போடுங்கள். பதிவுக் கட்டணம் 25 டாலர், ஒரே முறை.

அனுமதி என்றதும் இன்னொன்று. டிரைவர் வண்டி ஓட்டும் நேரத்தில் வண்டி எங்கே இருக்கிறது என்று முதலாளி பார்ப்பதில் நியாயம் உண்டு. ட்ரிப் முடிந்து அவர் வீட்டில் படுத்திருக்கும்போதும், குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் பார்ப்பதில் என்ன நியாயம்? ஆண்ட்ராய்டு 10 முதல் 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்ற தேர்வு இருக்கிறது. ட்ரிப் ஷீட் திறக்கும்போது தொடங்கி, மூடும்போது நிற்கும்படி எழுதுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னது, டிரைவருக்கும் கிளீனருக்கும் சேர்த்துத்தான்.

தேவைக்கு மேல் அனுமதி கேட்ட செயலிகளால் இந்த நாட்டில் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடன் செயலிகள் போனில் உள்ள தொடர்பு எண்களை அள்ளிக்கொண்டு, தவணை தவறியவரின் உறவினர்களுக்கெல்லாம் போன் செய்து அவமானப்படுத்தின. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் கோப்புகளையும் தொடக்கூடாது என்றது. 2023 மே 31 முதல் கூகுளும் பிளே ஸ்டோரில் தடுத்தது. ஆனால் அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் நொந்துவிட்டன.

விசைப்பலகைச் செயலியும் அப்படித்தான். நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அதன் வழியாகப் போகிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005இல் தொடங்கிய செல்லினம்தான் கைபேசியில் தமிழ் எழுதும் வழியைப் பலருக்குத் திறந்தது. தமிழுக்கு அது பெரிய கொடை. எல்லா விசைப்பலகையையும் அதே நம்பிக்கையோடு நிறுவிவிட முடியாது. 2017இல் ஏஐ.டைப் என்ற விசைப்பலகைச் செயலியின் தரவுத்தளம் கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் கிடந்தது. 3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் அதில் இருந்தது.

முழுக் குறியாக்கம் பற்றியும் கேட்கிறார்கள். ஸோஹோவின் 'அரட்டை' 2025 செப்டம்பரில் திடீரென்று பரவியது. நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் 3.5 லட்சம் பேர் சேர்வதாக ஸ்ரீதர் வேம்பு சொன்னார். தமிழ்நாட்டில் உருவான செயலிக்கு அந்த வரவேற்பு கிடைத்ததில் எனக்கு நிறைய மகிழ்ச்சி. அப்போது அதில் அழைப்புகளுக்கு முழுக் குறியாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. மக்கள் அதைத்தான் முதலில் கேட்டார்கள். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர நடுவில் சர்வர் வைத்திருப்பவரால்கூடப் படிக்க முடியாது என்பதே முழுக் குறியாக்கம். உரையாடல் செயலிக்கு அது கட்டாயம். பண்ணைக் கணக்குச் செயலிக்கு அது பொருந்தாது. சர்வரே கூட்டிக் கழித்து மாத அறிக்கை தர வேண்டும் என்றால் அது தரவைப் படித்தே ஆக வேண்டும். அங்கே போக்குவரத்தில் எச்.டி.டி.பி.எஸ்., சர்வரில் உரிமைச் சோதனை, குறைவான ஆட்களிடம் சாவி. இவை ஒழுங்காக இருந்தால் போதும்.

சட்டம் வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். கசிவு நடந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி, எந்தத் தரவை எதற்காக வாங்குகிறோம் என்ற அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பது. நம் பண்ணைகளில் வேலை செய்யும் ஒடிசாக்காரர் அதை ஒடியாவில் கேட்கலாம். நாம் தமிழில் கேட்கலாம்.

இனி ஃப்ரேம்வொர்க். ஃப்ளட்டர் திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் தானே வரைகிறது. அதனால் எல்லா போனிலும் ஒரே மாதிரி தெரியும். ரியாக்ட் நேட்டிவ் போனில் உள்ள பொத்தான்களையும் பட்டியல்களையுமே எடுத்து அடுக்குகிறது; ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவருக்குக் கைவரும். ஆண்ட்ராய்டுக்கு மட்டும் என்றால் கோட்லின். 2019 முதல் கூகுளே அதைத்தான் முதல் மொழியாகச் சொல்கிறது. என் கருத்தைக் கேட்டால், நம் பகுதித் தொழில்களுக்கு எழுதத் தொடங்கும் ஒருவர் கோட்லினில் ஒரு செயலியை முழுதாக எழுதிவிட்டுப் பிறகு ஃப்ளட்டருக்குப் போகட்டும். அனுமதி, கீஸ்டோர், பின்னணியில் ஓடும் வேலை, பேட்டரி போன்றவை அடியில் எப்படி நடக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும்.

அடியில் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பில் பிரிண்டரே சாட்சி. ப்ளூடூத்தில் இணையும் சின்னத் தெர்மல் பிரிண்டருக்கு ஆங்கிலத்தில் எழுத்தை அனுப்பினால் அடித்துத் தரும். தமிழ் அனுப்பினால் கட்டமும் கேள்விக்குறியுமாக வரும், ஏனென்றால் பெரும்பாலான பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்துருவே இல்லை. பில்லைச் செயலியிலேயே படமாக வரைந்து, கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக அனுப்ப வேண்டும். எந்த ஃப்ரேம்வொர்க்கும் இதைத் தானாகச் செய்து தராது. பெயரும் ஊரும் தமிழில் அடித்த பில்லைக் கையில் வாங்கும் வியாபாரியின் முகத்தைப் பாருங்கள். அந்த ஒரு வார உழைப்பு வீண்போகாது.

ஃப்ரேம்வொர்க்குகளின் ஆயுள் குறைவு. ஃபோன்கேப் 2020இல் நின்றது. ஸாமரினுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 மே 1 அன்று முடித்துக்கொண்டது. ஏர்பிஎன்பி நிறுவனம் ரியாக்ட் நேட்டிவில் நிறைய எழுதிவிட்டு 2018இல் அதைவிட்டு விலகியது. 2000இல் பிறந்த எஸ்.க்யூ.லைட் இவை எல்லாவற்றையும் கடந்து இன்றும் ஓடுகிறது. எதில் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பின்வரிசையில் கை தூக்கிய பண்ணைக்காரரின் கேள்விக்குப் பதில் சொல்லி முடித்துக்கொள்கிறேன். பழைய நோட்டுகளில் இருக்கும் கணக்கையெல்லாம் செயலியில் ஏற்ற வேண்டுமா என்று கேட்டார். வேண்டாமுங்க. தொடங்கும் நாள் காலையில் ஷெட் வாரியாகக் கோழி எத்தனை, முட்டை இருப்பு எத்தனை, தீவனம் எத்தனை மூட்டை, யாரிடம் எவ்வளவு பாக்கி என்று எண்ணி, ஆரம்ப இருப்பாக மட்டும் பதியுங்கள். இரண்டு மாதம் நோட்டும் செயலியும் சேர்ந்தே ஓடட்டும். வாரக் கடைசியில் இரண்டையும் ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் செயலி எழுதிய தம்பியை ஷெட்டுக்கே வரச் சொல்லுங்கள். அவரும் ஒரு நாள் முட்டை எண்ணிப் பார்க்கட்டும்.